பத்துக் கோழியும் பக்கத்து வீடும்

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் செல்பவர்கள், பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டித் திருப்புட்குழி என்னும் ஊரின் பெயரைக் கண்டிருப்பார்கள். ‘புள்’ என்றால் பறவை. இராமாயணக் கதையில் வரும் சடாயு என்னும் பறவைக்கு இறுதிக் கடன் செய்த இடம் இது என்பது இந்துச் சகோதரர்களின் நம்பிக்கை. அங்குள்ள விஜயராகவப் பெருமாள் கோயில், வைணவர்கள் போற்றும் 108 தலங்களுள் ஒன்று. பறவையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட அந்த ஊர்ப்புறத்தில்தான் என் நன்னி கோழி வளர்த்தார்கள்.

ஓட்டு வீடு, பின்னால் கிணற்றடி, ஒரு முருங்கை மரம், மூங்கில் படல் வைத்து அடைத்த சிறு கொல்லை. இடப்புறத்து வீட்டில் இரண்டு பட்டுத் தறிகள். பொழுது புலர்ந்ததும் அந்தத் தறிகளின் ஓசை எழும். அதற்கு வெகு முன்னரே, சுபுஹு பாங்கையும் முந்திக்கொண்டு நன்னியின் சேவல் கூவிவிடும். சேவல் கூவக் கேட்டால் அல்லாஹ்வின் அருளைக் கேட்க வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. நன்னிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் சேவல் கூவியதும் படுத்தவாறே அவர்கள் உதடுகள் அசைவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். தூக்கம் கலைந்த எரிச்சலில் நாங்கள் சேவலைத் திட்டினால், “அதை ஏசாதே, அது தொழ எழுப்புகிறது” என்று அதட்டுவார்கள். அதுவும் ஹதீஸின் கருத்துத்தான் என்பதைப் பிற்காலத்தில் அறிந்தேன்.

எட்டுப் பத்துக் கோழிகள். அதற்கு மேல் ஒருபோதும் இருந்ததில்லை. நாட்டுக் கோழி ஆண்டுக்கு அறுபது முதல் எண்பது முட்டைகள் இடும். அதையும் தொடர்ந்து இடாது. பத்துப் பதினைந்து இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரிய வருமானம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், வீட்டுச் செலவுக்கு நன்னா கொடுக்கும் பணம் வேறு. அரிசிப் பானைக்கு அடியில் தகர டப்பாவில் கிடந்த கோழிக் காசு வேறு. பெண் ஈட்டியது பெண்ணுக்கே உரியது என்ற மார்க்கச் சட்டத்தை நன்னா மதித்தார்கள். அந்த டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஓதப் போகும் பேரப்பிள்ளைக்குத் தொப்பி, மகப்பேற்றுக்கு வந்த மகளுக்கு நல்லெண்ணெய், வாசலில் நிற்கும் ஏழைக்கு யாரிடமும் அனுமதி கேட்காமல் கொடுக்கும் ஸதகா எல்லாம் அந்த டப்பாவிலிருந்தே வந்தன. கோழி வளர்ப்பின் இடர்களைப் பற்றி எழுதப் புகும்போது இதை முதலில் சொல்லிவிட வேண்டும். கோழி செத்தால் போவது கறி மட்டுமன்று.

தறிக்குழியில் மூன்று முட்டை

கோழி வளர்ப்போருக்குப் பருந்தைவிடவும் கீரியைவிடவும் முதலில் வரும் வம்பு, அண்டை வீட்டாரிடமிருந்தே வரும். கோழிக்கு வேலி தெரியாது. பிறர் வீட்டுக் கீரைப் பாத்தியைக் கிளறும், காயப்போட்ட நெல்லைக் கொத்தும், திண்ணையில் எச்சமிடும். அண்டை வீட்டாரின் உரிமை பற்றி எத்தனையோ பயான்கள் கேட்டிருக்கிறோம். நம் வீட்டுக் கோழி அடுத்த வீட்டு முற்றத்தில் நிற்கும்போது அவை நினைவுக்கு வருவதில்லை!

நெசவாளர் தெருவில் இந்த வம்பு இன்னும் கடுமையானது. பட்டுத் தறி, தரையில் தோண்டிய குழியில் நெசவாளர் கால்களை இறக்கி, மிதிகட்டையை மிதித்து நெய்யும் தறி. அந்தக் குழி இருட்டாகவும் குளுமையாகவும் இருக்கும். முட்டையிட இடம் தேடும் கோழிக்கு அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? நன்னியின் செவலைக் கோழி மூன்று நாட்களாக முட்டையிடாமல் ஏமாற்றியதாக நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். அது அடுத்த வீட்டுத் தறிக்குழியில், மிதிகட்டைக்குப் பின்னால், நாள் தவறாமல் இட்டிருக்கிறது. மூன்றாம் நாள் அந்த வீட்டு அம்மா தறியில் இறங்கக் காலை வைத்ததும், கோழி அலறிக்கொண்டு எழும்பி விரித்திருந்த பாவின் மீதே பறந்துவிட்டது. நகம் பட்டு இழைகள் அறுந்தன. நெய்து முடித்த பகுதியில் எச்சமும் விழுந்தது.

“பாயம்மா, கொஞ்சம் வந்து பாருங்க” என்று மட்டுந்தான் அந்த அம்மா அழைத்தார். கூச்சல் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று நன்னி பிறகு சொல்வார்கள். அது முகூர்த்தச் சேலை. ஒரு குடும்பமே பத்துப் பதினைந்து நாள் உட்கார்ந்து நெய்வது. கறை இருந்தால் நூல் கொடுத்தவர் கூலியில் பிடித்துக்கொள்வார். அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிபோட ஒரு முழுநாள் போயிற்று.

நன்னி டப்பாவைத் திறந்து இருந்ததை எண்ணாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த அம்மா வாங்கவில்லை. அன்று மாலையே அலைந்து திரியும் இரண்டு கோழிகளை நன்னி விற்றுவிட்டார்கள். படலின் கீழே கோழி நுழையும் சந்துகளைக் கருவேல முள் வைத்து அடைத்தார்கள். தெருவில் பாவு விரித்து வேலை நடக்கும் காலை நேரத்தில் கோழிகளைத் திறப்பதில்லை என்று ஏற்பாடாயிற்று. தறிக்குழியிலிருந்த மூன்று முட்டைகளை மட்டும் நன்னி திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். “உங்க வீட்டுல வெச்சது உங்களுதுதான்” என்பது அவர்கள் தீர்ப்பு.

இதில் வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கோழி அடுத்த வீட்டில் போய் முட்டையிடுவது அதன் குற்றமன்று. நம் வீட்டில் அதற்கு ஒதுக்குப்புறமான இருட்டிடம் இல்லை என்பதே காரணம். வாய் உடைந்த பானையையோ பழைய கூடையையோ கொல்லையின் மூலையில், தரைக்குச் சற்று மேலே வைத்து வைக்கோல் பரப்பி, முட்டை போன்ற வெண்ணிறக் கூழாங்கல் ஒன்றை அதில் போட்டு வையுங்கள். ஏற்கெனவே முட்டை இருக்கும் இடத்தில் இடுவது கோழியின் இயல்பு. அதன் பிறகு நன்னி வீட்டில் அந்தக் கூழாங்கல் ஒருநாளும் இடம் மாறியதில்லை.

வானத்துப் பகையும் வளைப் பகையும்

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். பெருச்சாளி கவ்வினால் சாகும். குஞ்சு பொரித்த முதல் நான்கு வாரங்கள்தாம் கண்டம். பகலில் பருந்தும் காகமும். இரவில் பெருச்சாளி, கீரி, காட்டுப் பூனை. முட்டைக்குச் சாரைப் பாம்பு. பன்னிரண்டு குஞ்சுகளோடு இறங்கிய தாய்க்கோழி ஒரு மாதத்தில் நான்கோடு நிற்பதை எல்லாக் கிராமத்திலும் காணலாம். வீட்டார் அதை விதி என்று எடுத்துக்கொள்வார்கள். விதிதான், ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மேல் பாரத்தைப் போடும்படி கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம்.

மூங்கிலால் பின்னிய பஞ்சாரம் பகலுக்குப் போதும். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்த இந்த எளிய கவிழ்கூடையை இன்று பல வீடுகளில் காணவில்லை. தாயையும் குஞ்சுகளையும் அதற்குள் விட்டுக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளலாம். இரவுக்குப் பஞ்சாரம் போதாது. கீரி அதைப் புரட்டிவிடும். பெருச்சாளி அடியில் வளை தோண்டி வந்துவிடும். தரை கெட்டியாக உள்ள கூண்டு வேண்டும். சல்லடைக் கம்பியின் கண் கட்டைவிரல்கூட நுழையாத அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். ஆண்கள் ஒரு விடுமுறை நாளில் இதைச் செய்து கொடுத்தால் போதும். நன்னி கேட்டு ஓராண்டுக்குப் பிறகே நன்னா செய்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அரசாங்கப் பண்ணையில் வாங்கும் உயரினக் குஞ்சுகளுக்கு ஒரு குறை உண்டு. ஐதராபாத்திலுள்ள மத்திய கோழியின ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்ற இனங்கள் நாட்டுக் கோழியைவிட அதிக முட்டையிடுகின்றன. ஆனால், அவை அடைக்கு உட்காருவது மிக அரிது. குஞ்சுக்குத் தாய் இல்லாததால், பருந்து வரும்போது எச்சரிக்கவும் சிறகுக்குள் அணைக்கவும் யாருமில்லை. நம் சிறுவிடைக் கோழி முட்டையில் குறைந்தது, தாய்மையில் குறைந்ததன்று. இரண்டு இனமும் வைத்திருப்பவர்கள், உயரின முட்டையை நாட்டுக் கோழியிடம் அடை வைப்பது நல்லது.

அடை வைப்பதிலும் நம் பெண்களிடம் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. கூடையில் மணலோ உமியோ பரப்பி, முட்டைகளுக்கு நடுவே ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடாமல் காக்குமாம். நன்னியும் வைத்தார்கள், என் தாயார் அதை எடுத்து எறிந்தார்கள், குஞ்சு இரண்டு முறையும் பொரித்தது! ஏழாம் நாள் இருட்டறையில், சுருட்டிய காகிதக் குழலின் ஒரு முனையில் டார்ச் விளக்கையும் மறுமுனையில் முட்டையையும் வைத்துப் பார்ப்பது இதைவிடப் பயனுள்ளது. சிலந்தி வலை போலச் செந்நரம்புகள் தெரிந்தால் கரு வளர்கிறது. தெளிவாகத் தெரிந்தால் கருவில்லாத முட்டை, எடுத்துவிடலாம். இருபத்தொரு நாள் கோழியைப் பட்டினியாக உட்காரவைத்துக் கூமுட்டையை அடை காக்கச் செய்வது அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம்.

தீவனத்தைப் பொறுத்தவரை, குருணையும் தவிடும் மட்டும் போதாது. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை ஆகியவற்றைத் திணித்து நீர் தெளித்து, மாலையில் கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால், விடிந்ததும் பானை நிறையக் கரையான் சேர்ந்திருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிடச் சத்தான உணவு கடையில் இல்லை. வலீமா விருந்தில் மீந்த பிரியாணியைக் கோழிக்குக் கொட்டும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். உப்பு மிகுந்தால் குஞ்சுகள் இறந்துவிடும்.

சாக்கடையைக் கிளறித் தின்னும் கோழி பற்றி வாசகியர் பலர் கேட்பதுண்டு. அசுத்தத்தையே உணவாகக் கொண்ட பிராணியை ‘ஜல்லாலா’ என்று ஃபிக்ஹு நூல்கள் அழைக்கின்றன. அப்படிப்பட்ட கோழியை இப்னு உமர் (ரலி) அவர்கள் மூன்று நாள் அடைத்து வைத்துத் தூய தீவனம் கொடுத்து, அதன் பிறகே உண்டதாகச் செய்தி இருக்கிறது. அறுப்பதற்கு மூன்று நாள் முன்னதாகப் பஞ்சாரத்தில் அடைத்துத் தானியம் போடுவது நம் பாட்டிமார் தாமாகவே கைக்கொண்ட வழக்கம்.

ஒரே வாரத்தில் காலியான கொல்லை

பருந்து ஒன்றைத் தூக்கும். கீரி ஓரிரவில் மூன்றைக் கொல்லும். ஆனால், கொல்லை முழுவதையும் வெறுமையாக்குவது ஒரு நோய். வெள்ளைக் கழிச்சல் என்றும், சீக்கு என்றும் மக்கள் சொல்வார்கள். மருத்துவ நூல்கள் அதை இராணிகேத் நோய் என்கின்றன.

அந்த ஆண்டு கோடை தொடங்கிய நேரம். சந்தையில் வாங்கிவந்த ஒரு விடலைச் சேவல் இரண்டு நாள் சுருண்டு கிடந்து செத்தது. வெயில் என்று நினைத்தோம். ஐந்தாறு நாளில் மற்றக் கோழிகள் இறகைத் தொங்கவிட்டு நின்றன. பச்சையும் வெண்மையுமாகக் கழிச்சல். வாயைத் திறந்து மூச்சு வாங்குதல். ஒரு கோழிக்குக் கழுத்து திருகி, தலை முதுகின் மேல் போய்விட்டது. நன்னி மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து ஊட்டினார்கள். கடையில் யாரோ சொன்ன மாத்திரையும் கரைத்துக் கொடுத்தோம். எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் கேட்காது. இது வைரசால் வருவது. பாக்டீரியாவைக் கொல்லும் மாத்திரை இதைத் தொடாது. நோய் வந்தபின் மருந்தே இல்லாத நோய் இது.

மூன்றாம் நாள் சைக்கிளில் கோழி வாங்குபவர் வாசலில் வந்து நின்றார். இவர்களுக்கு எந்தத் தெருவில் சீக்கு என்பது எப்படியோ தெரிந்துவிடுகிறது. “இருக்கறத இன்னைக்கே குடுத்துடுங்கம்மா. பாதி வெலை தர்றேன். நாளைக்கு அதுவும் இருக்காது” என்றார். அவர் சொன்னது உண்மைதான். இன்னும் நான்கு கோழிகள் நின்றுகொண்டிருந்தன. பக்கத்துத் தெருக்களில் பலர் கொடுத்துவிட்டிருந்தனர்.

நன்னி கொடுக்கவில்லை. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கண்டித்த செய்தியை எந்த பயானிலோ கேட்டிருக்கிறார்கள். “சீக்குன்னு சொல்லி வித்தா யார் வாங்குவா? சொல்லாம வித்தா அது வேற வீட்டுக் கொல்லைக்கு இல்ல போகும்” என்றார்கள். நான்கும் இரண்டு நாளில் செத்தன. நன்னா குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். டப்பாவில் விழவேண்டிய ஓராண்டுக் காசு அந்தக் குழிக்குள் போயிற்று.

நன்னி தம் ஈமானால் செய்ததை நோயியல் நூல்களும் சரியென்றே சொல்கின்றன. கோழி சாகத் தொடங்கியதும் மீதியை அவசரமாக விற்பதும், அறுத்துக் குடலையும் இறகையும் தெருவில் எறிவதும்தான் இந்நோயை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லும் வழிகள். எச்சத்திலும் சளியிலும் வைரசு இருக்கிறது. வாங்கியவரின் கூடையிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு அது பயணம் போகிறது. மனிதருக்கு இதனால் பெருந்தீங்கு இல்லை. நோயுற்ற கோழியைக் கையாண்டவர்க்குச் சில நாள் கண் சிவப்பதுண்டு. புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரமேனும் தனியே வைத்திருந்து, பிறகு மந்தையில் சேர்த்தால் பாதி ஆபத்து நீங்கும். எங்கள் வீட்டில் அந்த விடலைச் சேவல் வந்த அன்றே மந்தையோடு சேர்ந்துவிட்டது.

நூறு கோழிக்கு ஒரு குப்பி

1926ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகிலும் ஜாவாத் தீவிலும் இந்நோய் இனங்காணப்பட்டது. மேலைநாட்டார் அதனை நியூகாசில் நோய் என்றே வழங்குகின்றனர். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இமயமலை அடிவாரத்து இராணிகேத் என்னும் ஊரில் தென்பட்டதால் நம் நாட்டில் அந்தப் பெயர் நிலைத்தது. குமாவுன் மலையிலுள்ள முக்தேசுவரத்துக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் 1940களில் உருவான தடுப்பூசி இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. நம் மாநிலத்தில் இதைத் தயாரிக்கும் அரசு நிலையம் இராணிப்பேட்டையில் உள்ளது. திருப்புட்குழியிலிருந்து அதே நெடுஞ்சாலையில் இன்னும் சற்று மேற்கே போனால் வருவது. நோய்க்கு இராணிகேத், மருந்துக்கு இராணிப்பேட்டை! பெயர் ஒற்றுமையில் குழம்பி, நோயே இராணிப்பேட்டையில் பிறந்தது என்று நம்பிய உறவினர் ஒருவர் எங்களுக்கு உண்டு.

முறை எளியது. குஞ்சு பொரித்த ஏழாம் நாளை ஒட்டிக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா அல்லது எஃப் வகை மருந்து. எட்டாவது வாரத்தில் ஆர்2பி எனப்படும் ஊசி. ஆறு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுக்கும், ஏற்கெனவே நலிந்த கோழிக்கும் இந்த ஊசி ஆகாது. ஊசிக்கு ஒரு வாரம் முன் குடற்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். மீண்டும் எப்போது போடுவது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு எளிது என்றால் ஏன் இன்னும் கொல்லைகள் காலியாகின்றன? நன்னி காலியான கூண்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, மறு ஆண்டு புதிதாகக் கோழி வாங்கியபோது இதற்கான விடை தெரிந்தது. நான் கால்நடை மருந்தகத்துக்கு அனுப்பப்பட்டேன். “எத்தனை கோழி?” என்று மருத்துவர் கேட்டார். பத்து என்றேன். அவர் சிரிக்கவில்லை, பொறுமையாக விளக்கினார். குப்பி நூறு கோழிக்குரியது. பெரிய பண்ணைகளுக்கு வருபவை இருநூறு, ஐந்நூறு, ஆயிரம் என்ற அளவில் இருக்கும். பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். திறந்து கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதன் பிறகு அது வெறும் தண்ணீர். பத்துக் கோழிக்காகத் திறந்தால் தொண்ணூறு கோழியின் மருந்து மண்ணுக்குப் போகும். “தெருவுல நூறு கோழி சேர்த்துக்கிட்டு வாங்க தம்பி” என்றார்.

எந்தக் கோழியால் அண்டை வீட்டாரோடு வம்பு வந்ததோ, அந்தக் கோழியைக் காப்பாற்ற அதே அண்டை வீட்டார் தேவைப்பட்டார்கள். நன்னி முதலில் போனது தறி வீட்டுக்குத்தான். தறிக்குழி முட்டைகளில் ஒன்றை அந்த அம்மா அடை வைத்திருந்ததும், அவர்கள் வீட்டிலும் நான்கு கோழிகள் நின்றதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது! அங்கிருந்து இருவருமாக வீடு வீடாகச் சென்றார்கள். எண்பத்து மூன்று கோழிகள் சேர்ந்தன. கோழியைப் பிடிக்க எளிதான விடியற்காலையில், கூண்டு திறக்குமுன், சுபுஹு தொழுத கையோடு நான் பிளாஸ்க்கில் பனிக்கட்டி நிரப்பிக்கொண்டு கிளம்ப, மருந்தகத்து உதவியாளர் வந்து ஒவ்வொரு வாசலிலும் நின்று போட்டார். சில கோழிகள் இரண்டு நாள் நொண்டின. சில ஒரு வாரம் முட்டையை நிறுத்தின. அந்தக் கோடையில் எங்கள் தெருவில் சீக்கு வரவில்லை.

இது எங்கள் தெருவுக்கு மட்டும் நேர்ந்த இக்கட்டன்று. ஆசியா, ஆப்பிரிக்கா முழுவதும் கொல்லைக் கோழி வளர்க்கும் பெண்களின் முன் நின்ற தடை இதுவே. மருந்து பண்ணைக்காகச் செய்யப்பட்டது, அவர்களுக்காகச் செய்யப்பட்டதன்று. இதை உணர்ந்து பணியாற்றியவர்களில் மலேசியாவின் முஸ்லிம் பெண் விஞ்ஞானி ஐனி இதரிஸ் குறிப்பிடத்தக்கவர். ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்ட, வெப்பத்தைத் தாங்கும் வி4 என்னும் வைரசு வகையைக் கொண்டு, தீவனத்தோடு கலந்து கொடுக்கும் தடுப்பு மருந்தை அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1980களில் மலேசிய வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிக் கிராமங்களில் சோதித்தார்கள். பனிக்கட்டிக்கும் ஊசிக்கும் தேவை குறையும் அல்லவா? பிற்காலத்தில், 2016இல், அதே பல்கலைக்கழகத்துக்கு அவர் துணைவேந்தரானார். இதேபோல் வெப்பம் தாங்கும் ஐ-2 என்னும் வகையை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஸ்பிராட்பிரவு குழுவினர் உருவாக்கினர். ஏழை நாடுகள் தாமே தயாரித்துக்கொள்ள அது விலையின்றி வழங்கப்பட்டது.

வங்காளதேசத்தார் வேறு வழியில் போனார்கள். அங்கே பிராக் என்னும் தொண்டு நிறுவனம் அரசின் கால்நடைத் துறையோடு சேர்ந்து, 1980களிலிருந்து கிராமப் பெண்களுக்கே தடுப்பூசி போடப் பயிற்சி அளித்தது. கிராமத்துக்கு ஒரு பெண். அதிகாலையில் வீடு வீடாகச் செல்வார். ஒரு கோழிக்கு இவ்வளவு என்று சிறு கட்டணம் பெறுவார். குப்பி வீணாவதில்லை, பர்தா பேணும் வீட்டின் கொல்லைக்குள் ஆண்கள் வரவேண்டியதும் இல்லை, ஒரு பெண்ணுக்குப் பிழைப்பும் ஆயிற்று. நம் ஜமாஅத்துகள் தையல் வகுப்பு நடத்துகின்றன, நன்று. ஆனால், ஊருக்கு ஒரு பெண்ணைக் கால்நடை மருத்துவரிடம் அனுப்பி இதைக் கற்றுவரச் செய்வது ஏன் எவருக்கும் தோன்றுவதில்லை என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

தமிழகத்திலும் வழிகள் திறந்திருக்கின்றன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாதவரம் ஆராய்ச்சி மையம், தீவனத்தோடு கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. புறக்கடைக் கோழிகளுக்காகவே செய்யப்பட்டது அது. கால்நடைத் துறையும் கோடைக்கு முன்னதாகப் பிப்ரவரி மாதத்தை ஒட்டிக் கிராமங்களில் இலவச முகாம்கள் நடத்தி வருகிறது. முகாம் நடக்கும் நாள் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் தெரியும். ஆடவர் மட்டும் அறிந்து மறந்துவிடும் செய்திகளுள் இதுவும் ஒன்று.

நன்னி மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அல்லாஹ் அவர்களின் மண்ணறையை ஒளியாக்குவானாக. அந்த வீட்டில் இப்போது என் சின்னம்மா இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் தறி இரண்டில் ஒன்று நின்றுவிட்டது. அந்த வீட்டு மருமகள் எங்களைப் போலவே கோழி வளர்க்கிறார். சென்ற பிப்ரவரியில் நான் போயிருந்தபோது விடியற்காலையில் படல் தட்டும் ஓசை கேட்டது. அந்த மருமகள் கையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

“சின்னம்மா, உங்களுது இந்த வருஷம் எத்தனை?”

“பன்னண்டு. அந்தக் கறுப்புப் பெட்டை அடையில இருக்கு, அதையும் எழுதிக்கம்மா.”

அவர் எழுதிக்கொண்டார். மொத்தம் தொண்ணூற்றாறு ஆகியிருந்தது. இன்னும் நான்கு கோழிக்காகத் தெருக்கோடி வீட்டை நோக்கி நடந்தார்.